இல்லை சொல்லாத அண்ணாச்சி

சித்திரை மாதத்தில் குற்றாலத்துக்கு வந்து, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பவர்களுக்கு மூளை கிடையாது. விழுகிறது என்று பதில் சொல்கிறவருக்கு மனசாட்சி கிடையாது. அண்ணாச்சி சொல்வார். "விழுதுல்லா, ஏறுங்க" என்று கார்க் கதவைத் திறந்துவிடுவார். ஐந்தருவி வரைக்கும் கூட்டிப் போவார். பாறை காய்ந்து கிடப்பதை அவர்களோடு சேர்ந்து தானும் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்து, "காலையில விழுந்துச்சே" என்பார். பிறகு இலஞ்சிப் பக்கம் தெரிந்தவர் தோப்புக்கு ஓட்டிப் போய்ப் பம்புசெட்டில் எல்லாரையும் குளிக்க வைப்பார். சண்டைக்கு வந்தவர்களே தலையைத் துவட்டிக்கொண்டு அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நான் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பதினான்கு வருஷம் அவருடைய வெள்ளைக் கார் எங்கள் லாட்ஜ் வாசலில்தான் நின்றது. பேரைச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு இந்தப் பேச்சு. எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் தங்கச்சி, அவ்வளவுதான் உறவு.

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டுவதற்குள் பதில் தயாராகிவிடும். அந்தப் பதிலில் 'இல்லை' என்ற சொல் மட்டும் இருக்காது. 'தெரியாது', 'முடியாது' எதுவும் இருக்காது. ஒன்றுமே தோன்றாவிட்டால் "பாத்திருவோம்" என்பார். பொய் என்றால் பச்சைப் பொய், ஆனால் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு அக்கறை இருக்கும். திட்ட வாய் வராது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். சின்ன வயசில் அவருடைய அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனாராம். போனவர் கடிதமே போடவில்லையாம். அம்மா தினமும் தெருமுனையில் தபால்காரருக்காக நிற்பாளாம். "அந்தாளு சைக்கிள விட்டு இறங்கக்கூட மாட்டான் தங்கச்சி. 'இல்ல'ன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டே இருப்பான். எங்கம்மா மூஞ்சி அப்ப எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னையிலேருந்து அந்தச் சொல்லே எனக்கு ஆகாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் மனைவியைத் தென்காசிச் சந்தையில் பார்த்தபோது மெதுவாகக் கேட்டேன். "கொழும்பாவது மண்ணாங்கட்டியாவது! மாமா மஞ்சக்காமாலையில வீட்டுலதான் கிடந்து செத்தாவ" என்று சொல்லிவிட்டு அவள் கத்திரிக்காய் பொறுக்கப் போய்விட்டாள்.

அவருக்குக் காசு வந்ததெல்லாம் பூர்வீகம் தேடி வருகிறவர்களால்தான். எங்கள் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். மலேசியா, மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா, இலங்கைத் தோட்டங்கள் என்று போன இடத்தில் வேரூன்றிவிட்டார்கள். இப்போது அவர்களுடைய பேரன் பேத்திகள் ஒரு பழைய கடுதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கடுதாசியில் 'தென்காசி' என்று மட்டும் இருக்கும். தென்காசி என்றால் எது? சிவகிரியும் தென்காசிதான், கீழப்பாவூரும் தென்காசிதான், வடகரையும் தென்காசிதான். நான் என்ன செய்வேன், அண்ணாச்சியைக் கை காட்டுவேன். அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அவர்கள் முகம் அழுது சிவந்திருக்கும், ஆனால் சந்தோஷமாக இருக்கும். பூர்வீக வீட்டைப் பார்த்துவிட்டோம் என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். போனில் படம் காட்டுவார்கள். நீலக் கதவு, அதற்கு மேலே கஜலட்சுமி, பக்கத்தில் ஒரு கொய்யா மரம். இரண்டு மாதம் கழித்து வேறு நாட்டிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். அவர்கள் போனிலும் நீலக் கதவு, கஜலட்சுமி, கொய்யா மரம். வடகரையில் இருக்கிற அந்த வீட்டுக்கு எத்தனை நாட்டில்தான் வாரிசு! வீட்டுக்கார அம்மாள் எல்லாருக்கும் காபி கொடுத்து, "ஆமா, எங்க பெரியவுக சொல்லிருக்காக" என்று ஒத்துப் பாடுவாளாம்.

"இது பாவம் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரத்துலேருந்து வாராவ. ஒரு வாசப்படியத் தொட்டுக் கும்பிடணும், அதான அவங்களுக்கு வேணும்? எந்த வாசப்படியா இருந்தா என்ன தங்கச்சி?"

நான் அப்போதே அவரை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அண்ணாச்சி காரில்தான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். நடுப்பகல், நல்ல வெயில். பின் சீட்டில் அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, "அண்ணாச்சி, மூச்சு இருக்கா பாருங்க, மூச்சு இருக்கா பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன். பாவூர்சத்திரத்தில் வண்டியை ஓரம்கட்டி, திரும்பி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். "இருக்கு தங்கச்சி, நீ பேசிக்கிட்டே வா, அவருக்குக் கேக்கும்" என்றார். நான் பேசினேன். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் பேசினேன், முந்தின நாள் போட்ட சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். ஆலங்குளம் தாண்டியும் "இருக்கு, இருக்கு" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்றார்.

அண்ணாச்சியை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த மன்னிப்பை யாரிடம் கேட்டிருப்பேன்? அப்படி ஒரு பொய்யை வாங்கிக்கொண்டவள் ஊரார் வாங்கும் பொய்யை எந்த வாயால் தடுப்பாள்?

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதம், மலேசியாவிலிருந்து ஒரு அம்மாள் தனியாக வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். அவர் வீடு தேடி வரவில்லை, குலசாமியைத் தேடி வந்தார். மகனுக்கு மூன்று பிள்ளைகள் மருமகள் வயிற்றில் தங்காமல் போய், நாலாவதாக ஒரு பையன் பிறந்திருக்கிறான். குலசாமிக்கு முடி இறக்காமல் பிள்ளை தலையில் கத்தி வைக்கக் கூடாது என்று இந்த அம்மாள் பிடிவாதமாக நின்றிருக்கிறார். பையனுக்கு இரண்டு வயதாகிவிட்டது, தோள் வரைக்கும் முடி. என்ன சாமி, எந்த ஊர் என்றால் தெரியாது. அவருடைய அப்பா சாகும்போது சொன்னது மட்டும்தான் கையில் இருந்தது.

"ஒரு பெரிய குளம். அந்தக் கரையிலதான் நம்ம சாமி. அங்கேருந்து பார்த்தா குற்றால மலை தெரியும்னு அப்பா சொன்னாரு. நான் கண்டுபிடிச்சிடுவேன்னு அவர் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்மா" என்றார் என்னிடம்.

குற்றால மலை தெரியாத குளம் இந்த வட்டாரத்தில் ஏது? நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாள் முந்தானையில் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்தார். சாமி கிடைத்துவிட்டதாம். குளத்தங்கரையில் பெரிய சாஸ்தா கோயில், புதிதாகக் கட்டிய மண்டபம், வரிசையாகக் குதிரைச் சிலைகள். அன்றைக்குக் கோயிலில் ஆளே இல்லையாம். "பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோட வந்துருங்கம்மா, அன்னைக்குத்தான் எல்லாரும் அவங்கவங்க சாஸ்தாவுக்குப் பொங்கல் வைப்பாவ" என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நீயும் வரணும் என்று என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

பங்குனி உத்திரத்தன்று பதினொரு பேராக வந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெறிச்சோடிக் கிடந்த கோயிலில் இப்போது நிற்க இடமில்லை. கரை நெடுக அடுப்புகள், புகை, பிள்ளைகள் அழும் சத்தம். அந்த அம்மாள் புதுப் பானைக்கு மஞ்சள் கட்டி அடுப்பில் ஏற்றிவிட்டார். பையனை மருமகள் மடியில் உட்கார வைத்து, முடி எடுக்கிறவர் தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்துவிட்டார். கத்தியைத் தீட்டுகிறார்.

அப்போது கோயில் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும்.

"அம்மா எங்கேருந்து வாரிய?"

"மலேசியாங்க. ஆனா இது எங்க சாமி."

"ரொம்பச் சந்தோஷம். யாரு வகையறான்னு சொன்னா நல்லது. வரி நோட்டுல பாத்துக்கிடுவோம்."

எங்கள் பக்கம் ஒவ்வொரு சாஸ்தாவுக்கும் இன்னின்ன குடும்பங்கள்தான் வரி கொடுக்கலாம் என்று கணக்கு உண்டு. அது அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவர் தாத்தா பேரைச் சொன்னார். பெரியவர் தலையைச் சொறிந்தார். அடையாளம் தெரியவில்லை போல என்று நினைத்து, அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக இன்னொன்றையும் சொன்னார்.

"எங்க தாத்தாதாங்க இந்தக் குளத்து மடையைத் திறந்து விடுவாராம். முங்கி உள்ள போயி மூச்சடக்கித் திறப்பாராம். அவர் திறந்தாத்தான் வயலுக்குத் தண்ணியாம். அப்பா சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாரு."

 சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடை திறக்கும் வேலையை இங்கே யார் பார்த்தார்கள், அவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், எதுவரைக்கும் வரலாம், எதுவரைக்கும் வரக்கூடாது என்பதெல்லாம் அங்கே இருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முடி எடுக்கிறவர் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, தானாகவே வைத்தார்.

"தாயி, கோவிச்சுக்கிடாதிய" என்றார் பெரியவர். "சாமி எல்லாருக்கும் பொது. தாராளமாக் கும்பிட்டுட்டுப் போங்க. ஆனா பொங்கல் வைக்கதும் முடி எடுக்கதும் வரிக்காரங்க மட்டுந்தான். அடுப்ப மட்டும் கொஞ்சம் அணைச்சிருங்க." பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "என்ன டிரைவரே, ஒரு வார்த்த விசாரிக்காமலா ஆளக் கூட்டிட்டு வருவீரு?" என்றார்.

பால் இன்னும் பொங்கவில்லை. ஓரத்தில் அப்போதுதான் நுரை கட்டியிருந்தது. யாரோ ஒரு பையன் குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினான்.

அந்த அம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணே, இது எங்க சாமிதானே? நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆமான்னு சொல்லிரும், என்னத்தையாவது சொல்லிச் சமாளியும் என்று நான் மனசுக்குள் கத்தினேன். பொய்யை அவ்வளவு ஆசையாக நான் வேறு எப்போதும் எதிர்பார்த்ததில்லை, அந்தக் காருக்குள் இருந்த ஒரு மணி நேரத்தைத் தவிர.

"இல்லம்மா" என்றார்.

பதினான்கு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் பதிலாக வந்ததை முதல் தடவையாகக் கேட்டேன். கேட்க நன்றாகவே இல்லை.

"அப்ப எங்க சாமி எங்க?"

அவர் குளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கன. மடைக்குக் கீழ ஒத்தப் பனை நின்னுச்சு, அதுக்கு அடியில மாடன் பீடம் ஒண்ணு. நீங்க ஐப்பசியில கார்ல வரும்போதே மடை கதையச் சொன்னிய, முங்கித் திறக்குத மடை இந்தக் குளத்துக்குத்தான உண்டு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா வயலப் பூராம் மனை போட்டுட்டாவம்மா. பீடத்த இடிச்சு மட்டம் பண்ணியாச்சு. கும்பிட்ட ஆளுகளும் திக்குத் திக்காப் போயிட்டாவ. சாமி இருந்த இடத்துல ஒண்ணும் இல்லன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அதான் இங்கன…"

"தெரிஞ்சா இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"சொன்னா அழுவியன்னு…"

"அழுதிருப்பேன்" என்றார் அந்த அம்மாள். சத்தமே போடவில்லை. "நல்லா அழுதுட்டு, அந்த வெறும் மண்ணுலயே என் பேரனுக்கு முடி எடுத்திருப்பேன். எங்க தாத்தா யாருன்னு பத்துப் பேருக்கு முன்னாடி இப்படித் தெரிஞ்சிக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்?"

அதற்குமேல் அங்கே அவர் நிற்கவில்லை. பால் பொங்காத பானையைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு கரைமேல் நடந்தார். பின்னால் பதினொரு பேரில் மற்றவர்கள், அதற்கும் பின்னால் நான். மடை தாண்டி இறங்கினால் செம்மண் ரோடு போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, மனை மனையாகப் பிரித்திருந்தார்கள். பனை நின்ற இடம் எது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு மனையின் நடுவில் அந்த அம்மாள் பானையை இறக்கினார். கைப்பையிலிருந்து நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து, பையன் தலையில் மூன்று இடத்தில் கொத்துக் கொத்தாக முடியை நறுக்கி மண்ணில் வைத்தார். பூமுடி கொடுப்பது என்று சொல்வோம், மொட்டை போட முடியாதவர்கள் செய்வது. பையன் ஈரத் தலையோடு வெயிலில் நெளிந்தான். மகன் மட்டும் தள்ளி நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கரையிலேயே நின்றுவிட்டார், இறங்கி வரவில்லை.

அன்றைக்கே வேறு வண்டி பிடித்து மதுரைக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும், அண்ணாச்சியைக் கை காட்டியவளே நான்தானே.

அதன் பிறகு அண்ணாச்சி ஆளே மாறிப்போனார். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றால், ஆடி மாதச் சாரலில் நனைந்துகொண்டே "தெரியாது, போயிப் பாத்துக்கோங்க" என்பார். கண்ணாடியைத் துடைப்பதையும் விட்டுவிட்டார். பிசுபிசுவென்று அழுக்கேறிய கண்ணாடியோடு ஓட்டிக்கொண்டிருந்தார். பூர்வீகம் தேடி யார் வந்தாலும், கடுதாசியைக் கையில்கூட வாங்காமல், "இல்ல, அப்படி யாரும் இங்கன இல்ல." அவ்வளவுதான்.

போன சீசன் முடியும்போது இலங்கையிலிருந்து ஒருவர் வந்தார். கண்டிப் பக்கத் தோட்டம். முப்பது வயதுக்குள் இருக்கும், பள்ளிக்கூட வாத்தியார். அவர் கையில் பூர்வீக வீடு என்று ஒரு பழைய படம் இருந்தது. நிலைக்கு மேலே சுண்ணாம்பில் செய்த இரண்டு கிளிகள், அதில் ஒரு கிளிக்கு வால் உடைந்திருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிவகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அண்ணாச்சிதான் அந்த வீட்டைக் காட்டி, "கிளி வாலு ஒடஞ்சு கெடக்கு பாரு" என்று சிரித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவருக்கு நிஜமான வீடு, நிஜமான கதவு. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"இல்ல தம்பி. அப்படி ஒரு வீடு இல்ல."

"பரவாயில்லைங்க ஐயா. வந்து பார்த்தாச்சு, அது போதும்" என்று அவர் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறப் போனார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உமக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு அண்ணாச்சி? இருக்குத வீட்ட இல்லங்கீரு!"

"இருக்கு. வீடும் இருக்கு, உள்ள ஆளும் இருக்காவ" என்றார். "வாசல்ல நிப்பாட்டி வச்சு, யாரு வகையறான்னு கேப்பாவ தங்கச்சி. அவன் தாத்தா அந்த வீட்டுக்குள்ள இருந்தவரா, தொழுவத்துல நின்னவரான்னு யாரு கண்டா? அந்தப் பய என்ன சொல்லுவான்?"

அடுத்த மாதமே காரை விற்றுவிட்டு மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போனார். தைக்கு முன்னாலேயே அங்கே கண்ணை மூடிவிட்டார். தகவல் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பாவூர்சத்திரத்தில் அவர் என் வீட்டுக்காரர் மூக்கில் வைத்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் பதிவேட்டைப் புரட்டி அந்த இலங்கை வாத்தியாரின் நம்பரைத் தேடி எடுத்தேன். அண்ணாச்சி செய்ததைச் சரிசெய்ய வேண்டும், இனி யாருக்கும் பொய் வேண்டாம் என்று தீர்மானமாகத்தான் கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "அக்கா! வீடு கிடைச்சிடுச்சா?"

குளத்தங்கரையில் அடுப்பு அணைந்து புகைந்தது என் கண்முன்னால் வந்தது.

"இல்ல தம்பி" என்றேன். "நல்லபடியா ஊர் போய்ச் சேந்தியளான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."